எத்தனை பேர் வரப்போறாங்க, டீச்சர்?



கொஞ்சம் நீளமான பதிவு. வழக்கமாக நான் போடும் மாடித்தோட்டத்துப் பூவும் பேத்தி வரைந்த படமும் இல்லை. கோபத்தில் எழுதுகிறேன். எழுதிவிட்டு மூன்று நாள் ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் போடுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். படிக்காமல் "சூப்பர் டீச்சர்" என்று போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் தலையாட்டுவீர்கள்.

விஷயம் நம் ஊர் பஸ் ஸ்டாண்டைப் பற்றியது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். கிரானைட் தரை, வளைவு, வளைவில் பெயர்கள். நல்லது. மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் நின்றே தலைமுறை கழிந்த ஊர், வரட்டும். ஆனால் வரைபடத்தில் ஒன்று இருக்கிறது. இப்போது வாசலில், ரோட்டு மட்டத்தில் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டைப் பின்பக்கம் கொண்டுபோகிறார்கள். பஸ் ஸ்டாண்டுத் தளத்திலிருந்து அங்கே போக ஐந்து படி இறங்க வேண்டும். சாய்தளம் கிடையாது.

ஐந்து படி என்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு எனக்கும் ஒன்றுமில்லை.

நம் வீட்டுச் சாரை உங்களில் பலருக்குத் தெரியும். "போஸ்ட் ஆபீஸ் சார்" என்றால்தான் ஊருக்கு அடையாளம். மூன்று வருஷத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சு கொஞ்சம் குழறும். புத்தி பழையபடி கத்திதான். மாதம் பன்னிரண்டு முறை பிசியோதெரபிக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். நடக்கிறவருக்கு அது தூரமே இல்லை. சக்கர நாற்காலியில் போகிறவருக்கு, நம் ஊர் ரோட்டில், அது வெளிநாடு.

ஒருநாள் திருச்சியிலிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். இறக்கிவிட்டது கண்டக்டரும் முகம் தெரியாத இரண்டு பையன்களும். ஆட்டோ ஸ்டாண்டில் நாலு வண்டி நின்றன. முதல் வண்டிக்காரர் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "இது ஏறாதுங்க" என்றார். இரண்டாமவர் நாற்காலிக்குத் தனியாக நூறு ரூபாய் கேட்டார். மூன்றாமவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நாலாவது வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தவன் என் மாணவன். "டீச்சர், சாரை நான் தூக்கிக்கிறேன்" என்று கேட்டான், கேட்டவுடனே தூக்கியும் விட்டான். சின்னக் குழந்தையைத் தூக்குவதுபோல, ஊரே பார்க்க. காசும் வாங்க மாட்டேன் என்றான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல பிள்ளையை உருவாக்கியிருக்கிறேன் என்று பெருமை. வீட்டுக்கு வந்ததும் சார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ராத்திரி சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னார்: "மூட்டை மாதிரி ஆயிட்டேன்ல." அதற்கப்புறம் இரண்டு மாதம் வெளியூர் எங்கேயும் வரமாட்டேன் என்றுவிட்டார். தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொண்ட உறவினர்களே, காரணம் இதுதான். அன்றைக்கு உங்களிடம் சளி, காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் கையில் இருந்ததைச் செய்தான். ஆனால் முப்பத்துநாலு வருஷம் கவுன்டருக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர், வீட்டுக்கு வர ஒரு நல்ல பிள்ளை அன்றைக்கு ஸ்டாண்டில் இருக்க வேண்டும் என்ற நிலை ஏன்? அவன் அன்று சவாரி போயிருந்தால்?

இதைத்தான் மனுவாக எழுதி, இரண்டு மாதத்துக்கு முன்பு நகராட்சியில் கொடுத்தேன். முத்திரை போட்டு ரசீது வாங்கிக்கொண்டேன். பதில் இல்லை. போன மாதம் நகர்மன்றக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டு விஷயம் வருகிறது என்று கேள்விப்பட்டு, அனுமதி கேட்டுப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் எழுந்து வணக்கம் சொன்னார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. மனுவைப் பற்றி ஒரு நிமிஷம் பேசினார்கள். ஒருவர், "டீச்சர் ரிட்டயர் ஆகியும் பாடம் நடத்துறாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு கவுன்சிலர் கேட்டார்: "வருஷத்துக்கு எத்தனை பேர் வரப்போறாங்க, டீச்சர்?"

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். என் பதிவுக்கெல்லாம் முதலில் லைக் போடுகிறவன் நீ. கூட்டத்தில் எனக்குப் பேச அனுமதி இல்லை. இப்போது சொல்கிறேன், கரும்பலகையைப் பார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். அன்று மாநில மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 1.6. ஐம்பதாயிரம் பேர் இருக்கிற ஊரென்றால் எண்ணூறு பேர். அந்தக் கணக்கு எடுத்தபோது சட்டத்தில் இருந்தது ஏழு வகை ஊனம்தான். 2016 சட்டம் அதை 21 வகை ஆக்கியது. ஆகவே உண்மைக் கணக்கு இதைவிடக் கூடும், குறையாது. இதில் எழுபது வயதில் முழங்கால் தேய்ந்த உன் அம்மா சேரவில்லை. கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டவர், நிறைமாதக் கர்ப்பிணி, டயாலிசிஸ் முடிந்து தள்ளாடி வருகிறவர் யாரும் சேரவில்லை. எண்ணூறு பேரை முப்பது வார்டுக்குப் பங்கிட்டால் வார்டுக்கு இருபத்தாறு, இருபத்தேழு பேர். அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தவர்கள் உங்கள் மன்றத்திலேயே இருக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது ஒருவரையும் விடாமல் எண்ணத் தெரிகிறது. அன்றைக்கு வண்டி வைத்துக் கூட்டிப்போகவும் தெரிகிறது.

இன்னொன்று. "இங்கே சக்கர நாற்காலியில் யாருமே வருவதில்லையே" என்றாய். ஆற்றில் பாலம் இல்லாத ஊரில், யாரும் ஆற்றைக் கடப்பதில்லை, அதனால் பாலம் வேண்டாம் என்று சொல்வாயா? வர முடியாததால் வரவில்லை. வரவில்லை என்பதால் வழி வேண்டாம் என்கிறாய். இந்த வட்டத்துக்குள் எத்தனை பேரை வைத்துப் பூட்டியிருக்கிறோம் என்று எனக்கு ஒரு ஆளை வைத்துத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்றைக்கு மன்றத்தில் இன்னும் நாலு பதில் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதில்: "ஆட்டோ பெர்மிட் ஆர்.டி.ஓ. வேலை, நகராட்சி வேலை இல்லை." பெர்மிட் போக்குவரத்துத் துறை தருகிறது, உண்மைதான். ஆனால் ஸ்டாண்டு எங்கே இருக்க வேண்டும் என்று வரைபடம் போட்டது யார்? ஐந்து படி வைத்தது யார்? நடைபாதையில் கடை வைக்க விட்டது யார்? சாக்கடை மூடியை ஒரு முழம் உயர்த்திப் போட்டது யார்? பெர்மிட் கேட்டு நான் மனுக் கொடுக்கவில்லை. வாசலில், ரோட்டு மட்டத்தில், நாலு ஆட்டோ நிற்கும் இடத்தை அப்படியே விட்டுவைக்கக் கேட்டேன். ஒரு வேலையும் செய்யாமல் இருப்பதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி எதற்கு?

இரண்டாவது: "எஸ்டிமேட்டில் சாய்தளம் இல்லை, டெண்டர் மாற வேண்டும்." வளைவு எஸ்டிமேட்டில் இருக்கிறது. நான் சட்டம் படித்தவள் இல்லை. இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். ஆனால் வாசிக்கத் தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 41-ஆவது பிரிவு பஸ் நிறுத்தங்களிலும் எல்லா வகைப் போக்குவரத்திலும் அணுகும் வசதி வேண்டும் என்கிறது. 44-ஆவது பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குத் திட்ட அனுமதியே தரக்கூடாது என்கிறது. 89-ஆவது பிரிவு, சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை என்கிறது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி செல்லாது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை மூன்று மாதத்தில் வகுங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வீட்டுப்பாடம் "முடிந்தால் செய்" என்று சொன்னால் வகுப்பில் எத்தனை பேர் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நீதிபதிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். சாய்தளம் ஓர் அடி உயர வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஐந்து படி, படிக்கு அரை அடி, மொத்தம் இரண்டரை அடி. அப்படியானால் முப்பது அடி சாய்தளம். இடம் இல்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஆட்டோ ஸ்டாண்டைப் பின்னால் தள்ளாதீர்கள் என்கிறேன். அதற்குச் செலவு சுழியம்.

மூன்றாவது பதில்: "அரசு இலவச பஸ் விட்டிருக்கே, மூணு சக்கர ஸ்கூட்டரும் தருதே." இரண்டும் நல்ல திட்டங்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்கு வருகிறது. ஏற முடியாத பஸ் இலவசமாக இருந்தால் என்ன, தங்கத்தில் இருந்தால் என்ன? சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. அவை தானாக வந்து நிற்கவில்லை. மாற்றுத்திறனாளி உரிமைக்காக உழைப்பவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாட வேண்டியிருந்தது. நம் ஊருக்கு அது எப்போது வரும்? இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கையில் பலம் உள்ளவர்களுக்கு வரம். இரண்டு கண்ணும் தெரியாதவர் அதை ஓட்டுவாரா? ஒரு கை விழுந்த எங்கள் சார் ஓட்டுவாரா?

நாலாவது: "பாவம், ஆட்டோக்காரங்க வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?" இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஸ்டாண்டில் பாதிப் பேர் என் பிள்ளைகள். வண்டிக் கடன், எஃப்.சி., இன்சூரன்ஸ், கேஸ் விலை எல்லாம் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். சென்னைக்கு அரசு ஆட்டோ கட்டணம் நிர்ணயித்தது 2013-இல்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 2013-இல் வாங்கிய அரிசி விலைக்கு இன்று அரிசி கிடைக்குமா? உங்கள் கோபம் நியாயம். நாற்காலியை மடக்கி ஏற்றி, ஆளை மெதுவாக உட்காரவைத்து, இறக்கிவிட்டு வருவதற்குப் பத்து நிமிஷம் கூட ஆகிறது. அந்தப் பத்து நிமிஷத்தின் விலையை யார் தருவது?

நீங்கள் தர வேண்டாம். சவாரி வருகிறவரும் தரக்கூடாது. ஏன் என்று இதையும் கணக்காகவே போடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வர முந்நூறு ரூபாய், நாற்காலிக்குக் கூடுதலாக நூறு, மொத்தம் நானூறு. மாதம் பன்னிரண்டு முறை, 4,800 ரூபாய். எங்களுக்குப் பென்ஷன் இருக்கிறது, சமாளிக்கிறோம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அவர் அரசாங்கம் தரும் இலவச சிகிச்சைக்குப் போக, அரசாங்கம் தரும் பணத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். அதனால் போகமாட்டார். கை கால் அப்படியே மடங்கி நின்றுவிடும்.

பின் யார் தருவது? ஊர் தர வேண்டும். பஸ் ஸ்டாண்டுக் கடைகளை நகராட்சி ஏலம் விடுகிறது, வாடகை வாங்குகிறது. அதில் ஒரு சிறு பங்கு ஒதுக்கி, ஆர்.டி.ஓ. அனுமதியோடு இரண்டே இரண்டு ஆட்டோவைச் சக்கர நாற்காலி ஏறும்படி மாற்ற உதவுங்கள். அந்த இரண்டு வண்டிக்கும் ஸ்டாண்டு வரிசையில் எப்போதும் முதலிடம் கொடுங்கள். சக்கர நாற்காலிச் சவாரி இல்லாத நேரத்தில் எல்லாச் சவாரியும் அவர்கள் எடுக்கட்டும். அப்போது அந்த வண்டி நஷ்டமா லாபமா என்று நீங்களே சொல்லுங்கள்.

வெளிநாட்டில்தான் இதெல்லாம் நடக்கும் என்று என் தம்பி குடும்ப குரூப்பில் எழுதினான். லண்டனில் இருக்கும் என் மாணவன் ஒருவன் சொன்னான்: அங்கே 2000-ஆம் ஆண்டு முதல் கறுப்பு டாக்ஸி ஒவ்வொன்றிலும் சக்கர நாற்காலி ஏறும் வசதி கட்டாயம். அப்படிப்பட்ட வண்டிகளில் நாற்காலிக்கு என்று கூடுதல் பணம் கேட்டால் குற்றம், ஆயிரம் பவுன் வரை அபராதம். 2017-இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அவன் இன்னொன்றும் சொன்னான். லண்டனுக்கு வெளியே எல்லா ஊரும் அப்படி இல்லையாம். அங்கே டாக்ஸிக்கு உரிமம் தருவது அந்தந்த ஊர்க் கவுன்சில். எந்தக் கவுன்சில் கட்டாயப்படுத்தியதோ அங்கே வண்டி இருக்கிறது. கண்டுகொள்ளாத ஊரில் இன்னும் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே தம்பி, வெள்ளைக்காரனுக்கும் இது தானாக வரவில்லை. அங்கேயும் உள்ளூர் மன்றத்தில் யாரோ ஒருவர் எழுந்து நின்றிருக்கிறார்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. "அக்கா, நகராட்சியோட எதுக்கு மோதுறீங்க? வீட்டு வரி, குடிநீர் இணைப்பு எல்லாம் அவங்க கையில இருக்கு" என்கிறீர்கள். "மைனி, நமக்குக் கார் இருக்கே, மாப்பிள்ளை ஓட்டுவாரே" என்கிறீர்கள். மாப்பிள்ளை ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவார். பிசியோதெரபி திங்கள், புதன், வெள்ளி. தவிர, ஒவ்வொரு முறை வெளியே போகவும் இன்னொருவர் மனம் வைக்க வேண்டும் என்று வாழ்ந்து பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதைச் சொல்கிறேன். இதை எழுத எனக்குக் கை நடுங்குகிறது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் சொல்லவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு யாரென்று தெரிந்துவிடும்.

1994. ஐந்தாம் வகுப்பு. அந்த வருஷம் வகுப்பில் முதல் மாணவி ஒரு பெண். போலியோவில் இரண்டு காலும் சூம்பியவள். பின்னக் கணக்கை நான் போட்டு முடிக்கும் முன்பே விடை சொல்வாள். நம் பள்ளி ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்கு நாலு கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் ஏற முடியாது. பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர், "இந்தப் பிள்ளைக்கு ரெண்டு பிள்ளை இடம் வேணும்" என்று மறுத்தார். அப்பா சைக்கிளில் வைத்து இரண்டு மாதம் தள்ளிக்கொண்டு போனார். பிறகு அவர் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டார். படிப்பு நின்றது.

அவள் அம்மா என்னிடம் வந்து கேட்டார்: "டீச்சர், ஏதாவது வழி இருக்கா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொம்பளப் பிள்ளைதானே, வீட்டிலேயே தையல் கத்துக்கட்டும்மா, கடவுள் விட்ட வழி" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். ஆட்டோக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பஞ்சாயத்தில் ஒரு மனுக் கொடுக்கவில்லை. தலைமை ஆசிரியரிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு என் மனதிலும் இருந்தது இதே கேள்விதான்: ஒரு பிள்ளைக்காக யார் வண்டி விடுவார்கள்? தம்பி, உன் கேள்வி எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று இப்போது புரிகிறதா? அது நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி.

2025 ஏப்ரலில் சட்டசபையில் ஒரு திருத்தம் வந்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வேண்டும் என்று. நகர்ப்புறத்தில் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர் என்று கணக்குச் சொன்னார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஜூலையில் விண்ணப்பம் கேட்டார்கள். அவள் வீட்டுக்குப் போய், "நீ போடு" என்றேன். இப்போது நாற்பதைத் தாண்டியவள். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நீங்க எழுதுங்க டீச்சர், நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள். விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் "ஐந்தாம் வகுப்பு" என்று என் கையால் எழுதினேன். வகுப்பில் முதல் மாணவி.

அதைக் கொடுக்க நகராட்சிக்கு ஆட்டோவில் போனோம். நாலு வண்டி கேட்டு ஐந்தாவது வண்டி வந்தது. வாசலில் மூன்று படி. ஒருவர் கீழே வந்து வாங்கிக்கொண்டு போனார், நன்றி. முடிவு இன்னும் வரவில்லை. அவளுக்குக் கிடைத்தாலும் சரி, வேறொருவருக்குக் கிடைத்தாலும் சரி, ஒரு கேள்வி இருக்கிறது. நகர்மன்றக் கூட்ட அரங்கம் முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. நியமன உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது, பேசத்தான் முடியும். பேச வேண்டுமானால் மேலே வர வேண்டும். மேலே வர வேண்டுமானால் முதலில் நகராட்சி வாசலுக்கு வர வேண்டும். அரசு நாற்காலி கொடுத்துவிட்டது. நாம் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அங்கேயும் யாராவது ஒரு நல்ல பிள்ளை தூக்கிக்கொண்டு போய் உட்காரவைக்க வேண்டுமா?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வாசலில் நாலு ஆட்டோ நிற்கும் இடத்தை ரோட்டு மட்டத்திலேயே விடுங்கள். நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் கூடுதல் கட்டணம் கிடையாது என்று ஸ்டாண்டில் பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். கடை வாடகையிலிருந்து இரண்டு ஆட்டோவுக்கு உதவுங்கள். ஓட்டுநர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள்: நாற்காலியை எப்படி மடக்குவது, தொடுவதற்கு முன்பு எப்படிக் கேட்பது, கண் தெரியாதவரை எந்த இடத்தில் இறக்கினோம் என்று வாயால் சொல்வது, காது கேளாதவருக்குப் போன் அடிக்காமல் செய்தி அனுப்புவது. காது கேளாத என் மாணவி ஒருத்தி செயலியில் வண்டி பதிவு செய்தால், ஓட்டுநர் போன் அடிக்கிறார், அவள் எடுக்க முடியாது, அவர் ரத்து செய்துவிடுகிறார். அதோடு மன்றக் கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். இதில் எதற்கும் டெல்லி போக வேண்டியதில்லை.

இம்மாதம் 28-ஆம் தேதி வியாழக்கிழமை காலை மறுபடியும் கூட்டம். நான் போகிறேன். சாரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கேட்டதும் என்னால் நம்ப முடியவில்லை. மாடி ஏறமாட்டோம். கீழே வாசலில் இருப்போம். உள்ளூரில் இருக்கும் பிள்ளைகள் பத்து நிமிஷம் வந்து நில்லுங்கள். கோஷம் வேண்டாம், சண்டை வேண்டாம். மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் போதும். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் அப்பா அம்மா இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் முழங்கால்களும் இங்கேதான் இருக்கின்றன.

ஆட்டோ ஸ்டாண்டுப் பிள்ளைகளே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்களும் வாருங்கள். பின்பக்கம் தள்ளினால் உங்களுக்கும்தான் சவாரி குறையும். இந்த விஷயத்தில் நீங்களும் நாங்களும் ஒரே பக்கம்.

கவுன்சிலர் தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, வெறுப்பு இல்லை. தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்திப் போட்டால் முழு மதிப்பெண் கொடுக்கிறவள் நான், உனக்குத் தெரியும். 28-ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது.

எழுத்துப் பிழை இருந்தால் கருத்தில் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர்